தோரியம் ஏன் உடைகிறது, ஏன் இவ்வளவு தாமதமாக உடைகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலோடு கலந்து கிடக்கும் மஞ்சள் ஓடிய பழுப்பு மணிகளுக்கு மோனசைட் என்று பெயர். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டு, அந்த மணலின் ஊரைத் தேடி வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். அக்காலத்து காஸ் விளக்கு மேன்டில், பெரும்பகுதி தோரியம் ஆக்சைடால் ஆனது.

அந்தத் தோரியத்தில் ஒரு கிராம் எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 2.6 கோடி கோடி கோடி அணுக்கள் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு நொடியும் 4,060 அணுக்கருக்கள் உடைகின்றன. இப்படி ஓயாமல் உடைந்தும், பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் 80 விழுக்காடு இன்னும் மிச்சம் இருக்கிறது. அப்படியானால் இங்கே இரண்டு கேள்விகள். அணுக்கரு ஏன் உடைய வேண்டும்? உடைவது என்று ஆனபின் ஏன் இத்தனை தாமதம்? இரண்டுக்கும் விடை வேறு வேறு. கதிரியக்கத்தில் தொடக்கநிலை மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

கருவுக்குள் நடக்கும் இழுபறி

ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஃபெம்டோமீட்டர். அந்த இடைவெளியில் இரண்டு புரோட்டான்களை வைத்தால், இரண்டும் நேர்மின் துகள்கள் என்பதால், ஒன்றையொன்று 230 நியூட்டன் விசையோடு தள்ளும். ஏறத்தாழ 23 கிலோ எடை. கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடச் சற்றே குறைவு. புரோட்டானின் நிறையைக் கிராமில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 23 சுழியங்கள் போட்டுத்தான் முதல் இலக்கம் வரும். அவ்வளவு சின்னத் துகள்மேல் இவ்வளவு தள்ளு.

இதை மீறிக் கருவைக் கட்டி வைப்பது வன்விசை. புரோட்டான், நியூட்ரான் என்ற பேதம் அதற்கு இல்லை, இரண்டையும் இழுக்கும். ஆனால் கை குட்டை. இரண்டு மூன்று ஃபெம்டோமீட்டரைத் தாண்டினால் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. மின்விலக்கத்துக்கு அப்படி எல்லை கிடையாது. ஈயத்தின் அணுக்கரு சுமார் 14 ஃபெம்டோமீட்டர் குறுக்களவு கொண்டது. அதில் ஓரத்தில் இருக்கும் புரோட்டானை அண்டை வீட்டுத் துகள்கள் மட்டும் பிடித்து வைத்திருக்கின்றன. தள்ளுவதோ மற்ற 81 புரோட்டான்களும்.

இதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஹீலியத்தில் ஒன்றையொன்று தள்ளும் புரோட்டான் ஜோடி ஒன்றே ஒன்று. கால்சியத்தில் 190. ஈயத்தில் 3,321. தோரியத்தில் 4,005. பிடிப்பு, துகள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மெல்ல வளர்கிறது. தள்ளலோ ஜோடிக் கணக்கில் எகிறுகிறது.

சமாளிக்க ஒரே வழி, மின்சுமை இல்லாத நியூட்ரானைக் கூடுதலாகச் சேர்ப்பது. பிடிப்பைத் தரும், தள்ளலைத் தராது. தள்ளல் குறைவாக உள்ள இலேசான கருக்களில் இரண்டும் சரிசமம்: கார்பன்-12-இல் 6-க்கு 6, ஆக்சிஜன்-16-இல் 8-க்கு 8. சரிசமமாக இருந்தும் நிலைத்து நிற்பவற்றில் கடைசி கால்சியம்-40. அதற்குமேல் நியூட்ரான் கை ஓங்குகிறது: இரும்பு-56-இல் 26-க்கு 30, ஈயம்-208-இல் 82-க்கு 126, தோரியம்-232-இல் 90-க்கு 142.

அப்படியானால் நியூட்ரானை அள்ளிப் போட்டுக்கொண்டே போகலாமே? முடியாது. கருவுக்குள் புரோட்டான்களுக்கு ஒரு ஏணி, நியூட்ரான்களுக்கு இன்னோர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிலையில் ஒரே வகைத் துகள்கள் இரண்டு இருக்கக் கூடாது என்பது பௌலியின் விதி. ஆக, புதிதாக வரும் ஒவ்வொரு நியூட்ரானும் மேல்படிக்குத்தான் போக வேண்டும். ஒரு கட்டத்தில், உச்சிப்படியில் நிற்கும் நியூட்ரானைவிடக் கீழே புரோட்டான் ஏணியில் காலிப்படி இருக்கும். அப்போது அந்த நியூட்ரான் புரோட்டானாக மாறி இறங்கிக்கொள்கிறது. மாறும்போது ஓர் எலக்ட்ரானும், எதிர்நியூட்ரினோ என்ற மின்சுமையற்ற நுண்துகள் ஒன்றும் வெளியே பறக்கின்றன. இதுதான் பீட்டா சிதைவு. கருவுக்குள் எலக்ட்ரான் முன்கூட்டியே ஒளிந்திருந்து வெளியே வருவதில்லை. மாற்றம் நிகழும் அந்தக் கணத்தில்தான் அது உண்டாகிறது. தனியே விடப்பட்ட நியூட்ரானுக்குத் தடை ஏதும் இல்லை என்பதால் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதையப் பிடிக்கும் காலம், பத்து நிமிடம்தான். அதே நியூட்ரான் ஆக்சிஜன் கருவுக்குள் என்றென்றும் நிற்பதற்குக் காரணம், இறங்குவதற்குக் கீழே காலிப்படி இல்லாததே.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். புரோட்டான் மிகுந்தால் அது நியூட்ரானாகி எலக்ட்ரானின் நேர்மின் இணையான ஒரு பாசிட்ரானை வெளிவிடும். அல்லது தன் அணுவின் எலக்ட்ரான் ஒன்றையே விழுங்கிக்கொள்ளும். மருத்துவமனைகளில் பெட் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் ஃபுளோரின்-18 முதல் வகை. அரை ஆயுள் 110 நிமிடம்.

ஜோடி சேர்வதிலும் கருவுக்கு விருப்பம் உண்டு. புரோட்டான், நியூட்ரான் இரண்டும் ஒற்றைப்படையில் இருந்தும் நிலைப்பவை நான்கே: டியூட்டீரியம், லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14. (கிளர்ந்த, அதாவது ஆற்றல் மிகுந்த, நிலையில் சிக்கிக்கொண்ட டாண்டலம்-180 தனிக்கதை.) 19 புரோட்டானும் 21 நியூட்ரானும் கொண்ட பொட்டாசியம்-40 இந்த ஒற்றைப்படைத் தொல்லைக்கு நல்ல உதாரணம். அதற்கு இரண்டு பக்கமும் சரிவு. 89 விழுக்காடு கால்சியமாகிறது, மீதி ஆர்கானாகிறது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலிருந்து மட்டும் நொடிக்கு 4,000-க்கு மேற்பட்ட சிதைவுகள் நடக்கின்றன. தற்செயலாக, இது நம் ஒரு கிராம் தோரியத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது.

சில எண்ணிக்கைகளில் கரு தனி உறுதி பெறுகிறது: 2, 8, 20, 28, 50, 82, 126. மாய எண்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மாயம் ஒன்றுமில்லை, ஏணியில் ஒரு தட்டு முழுதாக நிரம்பும் இடங்கள் இவை. இதை விளக்கிய மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகைகள்) பத்து; வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. ஈயம்-208-இல் 82, 126 என இரண்டுமே மாய எண்கள். தோரியம் படிப்படியாக உடைந்து போகும் பயணம் அங்கே போய் முடிவது தற்செயல் அல்ல.

உடைவதற்கு அனுமதி உண்டா? கணக்குதான் சொல்லும்

தாய்க் கருவின் நிறையை ஒரு தட்டிலும், உடைந்தபின் வரும் சேய்க் கரு, துகள்கள் எல்லாவற்றின் நிறையை மறு தட்டிலும் வையுங்கள். தாய் கனமாக இருந்தால் மட்டுமே உடைய அனுமதி. மிச்ச நிறை ஆற்றலாக வெளிவரும். தோரியம்-232, ரேடியம்-228 ஆகவும் ஓர் ஆல்ஃபா துகளாகவும் (ஹீலியத்தின் கரு) உடையும்போது 4.08 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் மிஞ்சுகிறது; கரு அளவில் ஆற்றலை அளக்கும் இந்த அலகு, சுருக்கமாக எம்.இ.வி. தோரியத்திலிருந்து ஒற்றை நியூட்ரானையோ ஒற்றைப் புரோட்டானையோ பிடுங்க வேண்டுமானால் 6 எம்.இ.வி.க்கு மேல் நாம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆல்ஃபா மட்டும் எப்படி இலாபத்தில் வருகிறது? இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்து ஹீலியமாகக் கட்டுப்படும்போதே 28.3 எம்.இ.வி. விடுபடுகிறது. நான்கையும் வெளியே எடுக்கும் செலவை அந்த வரவு ஈடுகட்டிவிடுகிறது. கனமான கருக்கள் தனித்தனித் துகள்களை விடாமல் நான்கு நான்காகப் பொட்டலம் கட்டி அனுப்புவதன் காரணம் இதுவே.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கல். இதன்படி ஈயம்-208-கூட ஆல்ஃபா சிதைவுக்கு அனுமதி பெற்றது, அரை எம்.இ.வி. இலாபம் இருக்கிறது. அது சிதைந்து யாரும் பார்த்ததே இல்லை. பிஸ்மத்-209 நீண்ட காலம் நிலையானது என்று பாடநூல்களில் இருந்தது. 2003-இல் பிரான்சில் அதன் சிதைவைப் பிடித்தார்கள். அரை ஆயுள், 2-க்குப் பின்னால் 19 சுழியம் போட்டால் வரும் ஆண்டுகள். ஆக, ‘நிலையானது’ என்பதற்கு நடைமுறைப் பொருள் ‘சிதைவதை இதுவரை காணவில்லை’ என்பதுதான்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

இங்கே இரண்டாம் கேள்வி. கருவுக்குள் உருவான ஆல்ஃபா துகள் வெளியேற வேண்டுமானால், வன்விசையின் பிடிக்கும் வெளியிலுள்ள மின்விலக்கத்துக்கும் நடுவே எழும் ஒரு மதிலைக் கடக்க வேண்டும். தோரியத்தில் அந்த மதிலின் உச்சி 25 எம்.இ.வி.க்கு மேல். ஆல்ஃபாவின் கையில் இருப்பதோ 4. நியூட்டன் விதிப்படி அது காலாகாலத்துக்கும் உள்ளேயே கிடக்க வேண்டும். குவாண்டம் விதிப்படி, மதிலின் அப்புறம் தென்படுவதற்கு அதற்கு மிகச் சிறிய நிகழ்தகவு உண்டு. 1928-இல் ஜார்ஜ் காமோவ் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்; கர்னியும் காண்டனும் அதே ஆண்டில் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள்.

கவனிக்க வேண்டியது மதிலின் பருமன். 4 எம்.இ.வி. ஆற்றலோடு துளைக்கும் தோரிய ஆல்ஃபாவுக்கு மதில் 50 ஃபெம்டோமீட்டருக்கு மேல் தடிமன். 9 எம்.இ.வி. அளவில் வரும் பொலோனியம்-212-இன் ஆல்ஃபாவுக்கு 17 அளவுதான். தடிமன் மூன்று மடங்கு குறைந்ததற்கு அரை ஆயுள் எவ்வளவு குறைந்தது? 1,400 கோடி ஆண்டிலிருந்து நொடியின் பத்து லட்சத்தில் 0.3 பங்குக்கு. ஆற்றல் இரட்டித்ததும் காலம் ஒன்றுக்குப் பின் 24 சுழியம் மடங்கு சுருங்குகிறது. கைகரும் நட்டாலும் இந்தத் தொடர்பை 1911-இலேயே அளவீட்டில் கண்டுவிட்டார்கள். காரணம் தெரியப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

சுருங்கச் சொன்னால் அனுமதி தருவது நிறைக் கணக்கு, நாள் குறிப்பது மதில்.

அரை ஆயுள், வயது அல்ல

மதிலைத் துளைப்பது வெறும் வாய்ப்பு என்பதால், கருவுக்கு மூப்பு கிடையாது. 400 கோடி ஆண்டு பழைய தோரியக் கருவும், ஆய்வகத்தில் இன்று காலை உண்டான தோரியக் கருவும் அடுத்த நொடியில் உடைவதற்கான வாய்ப்பு ஒன்றேதான். எது உடையும் என்று சொல்ல வழியில்லை. கோடிக்கணக்கில் சேரும்போது எத்தனை உடையும் என்பது மட்டும் துல்லியமாகச் சொல்ல வருகிறது.

அரை ஆயுள் என்ற இந்தக் கருத்து பிறந்ததும் தோரியத்திலிருந்துதான். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓவென்ஸ் தோரியத்தின் கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்தபோது, காற்று அடித்தாலே அளவு மாறியது. ரதர்ஃபோர்ட் துருவிப் பார்த்ததில், தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிவதும், அதன் வீரியம் நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாவதும் 1900 வாக்கில் தெரிந்தன. அந்த வாயு ரேடான்-220. தோரான் என்பது பழைய பெயர். இன்றைய அளவு 55.6 நொடி.

கணக்குப் போடும் முறை எளிது. கழிந்த நேரத்தை அரை ஆயுளால் வகுங்கள், வருவதை 0.5-இன் அடுக்காக ஏற்றுங்கள். தொடக்க அளவால் பெருக்குங்கள். தோரானுக்கு 3 நிமிடம் என்றால் 180-ஐ 55.6-ஆல் வகுக்க 3.24. 0.5-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.106. நொடிக்கு 1,000 எண்ணிக்கை இருந்த இடத்தில் 106 மிஞ்சும். பத்து அரை ஆயுள் கடந்தால் 1,024-இல் ஒரு பங்கு. இரண்டு அரை ஆயுளில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு, கால்பங்கு மிஞ்சும். நேரத்தை நிமிடத்திலும் அரை ஆயுளை நொடியிலும் வைத்து வகுப்பது அதைவிடச் சாதாரணமான பிழை.

இதையே கல்லூரி ஆய்வகத்தில் தோரானைக் கலத்தில் அடைத்து அளக்கும்போது வரைபடக் கோடு கடைசியில் வளைந்து, சுழியத்துக்கு இறங்காமல் தொங்கும். கருவி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். முதற்காரணம் பின்னணிக் கதிர்வீச்சு: தோரானை உள்ளே விடுமுன் வெறுங்கலத்தைச் சில நிமிடம் அளந்து, அதை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். இரண்டாவது காரணம் நயமானது. தோரான் உடைந்தபின் வரும் ஈயம்-212 கலத்தின் சுவரில் படிந்துவிடுகிறது. அதன் அரை ஆயுள் 10.6 மணி. அடுத்த குழுவினர் சோதனையைத் தொடங்கும்போது முந்தைய குழுவின் படிவு அங்கேயே இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கோடு நெளியும்: 100 எண்ணினால் கூடக்குறைய 10 வரும், அதாவது 10 விழுக்காடு, 10,000 எண்ணினால் 100, அதாவது ஒரே விழுக்காடு.

பத்துப் படி இறக்கம்

ஆல்ஃபா போனால் நிறை எண்ணில் (புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) 4, அணு எண்ணில் (புரோட்டான் மட்டும்) 2 குறையும். பீட்டா போனால் நிறை எண் மாறாது, அணு எண் 1 ஏறும். இந்த இரண்டு விதியை வைத்துக்கொண்டு தோரியத்தைப் பின்தொடரலாம்.

தோரியம்-232 ஆல்ஃபா விட்டு ரேடியம்-228 ஆகிறது. இப்போது நியூட்ரான் விகிதம் கொஞ்சம் மிகுதி. ஆகவே இரண்டு பீட்டா: 5.75 ஆண்டு அரை ஆயுளில் ஆக்டினியம்-228, பின் 6 மணி அளவில் தோரியம்-228. மீண்டும் தோரியமே, ஆனால் நான்கு நியூட்ரான் இளைத்த தோரியம். அரை ஆயுள் 1.9 ஆண்டு. அங்கிருந்து நான்கு ஆல்ஃபா வரிசையாக: ரேடியம்-224 (3.6 நாள்), ரேடான்-220 (55.6 நொடி), பொலோனியம்-216 (0.15 நொடி), ஈயம்-212. ஈயம் வந்துவிட்டதே என்றால், இது 126 நியூட்ரான் உள்ள ஈயம் அல்ல, 130. ஆகவே பீட்டா விட்டுப் பிஸ்மத்-212 ஆகிறது. ஒரு மணி நேர அரை ஆயுள் கொண்ட அந்தப் பிஸ்மத்தில் வழி பிரிகிறது. 64 விழுக்காடு பீட்டா விட்டுப் பொலோனியம்-212 ஆகி, அந்தக் கணமே ஆல்ஃபாவும் விடுகிறது. 36 விழுக்காடு முதலில் ஆல்ஃபா விட்டுத் தாலியம்-208 ஆகி, மூன்று நிமிட அரை ஆயுளில் பீட்டா விடுகிறது. எந்த வழியில் போனாலும் ஈயம்-208. மொத்தம் 6 ஆல்ஃபா, 4 பீட்டா.

சிதைவுக்குப்பின் சேய்க் கரு பெரும்பாலும் கிளர்ந்த நிலையில் இருக்கும். அந்த மிகுதியைக் காமாக் கதிராக விட்டு அடங்கும். தாலியம்-208-க்குப் பின் வரும் காமா 2.6 எம்.இ.வி.; இயற்கையில் கிடைப்பவற்றுள் மிக வீரியமானவற்றில் ஒன்று. ஆல்ஃபாவைக் காகிதம் தடுக்கும், பீட்டாவைச் சில மில்லிமீட்டர் அலுமினியம் தடுக்கும்; இதைப் பாதியாகக் குறைக்கவே 1.4 சென்டிமீட்டர் ஈயம் வேண்டும். தோரியத்திலிருந்து ஆக்கும் யுரேனியம்-233-ஐக் கையாள்வது தலைவலியாவதும் இதனால்தான். அதோடு சிறிதளவு ஒட்டிவரும் யுரேனியம்-232 சிதைந்து தோரியம்-228 ஆகி, இதே படிகளில் இறங்கி இதே காமாவை வீசுகிறது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி ஆய்வு உலை யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டது.

தீண்டப்படாத பழைய மோனசைட்டில் இந்தப் படிகள் எல்லாமே ஒரே வேகத்தில் நடக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஓட்டைக் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்குடத்தின் ஓட்டை ஊசித்துளை. கீழ்க்குடங்களின் ஓட்டை பெரிதாக இருந்தாலும், மேலிருந்து சொட்டுவதுதான் எல்லாவற்றிலிருந்தும் சொட்டும். ஓட்டை பெரிதான குடத்தில் தண்ணீர் குறைவாக நிற்கும், அவ்வளவே. ஒரு கிராம் தோரியத்தோடு ரேடியம்-228 ஒரு நானோகிராமில் 0.4 பங்குதான் இருக்கும். தோரான் 3.25 லட்சம் அணுக்கள். பொலோனியம்-216 சுமார் 850 அணுக்கள். பொலோனியம்-212 எந்தக் கணத்தில் எட்டிப் பார்த்தாலும் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. வந்தும் போயும் ஆகிவிடும். அப்படியும் சங்கிலி முழுவதையும் கூட்டினால் நொடிக்கு 40,600 சிதைவுகள். தோரியம் தனியாகத் தருவதைப் போல் பத்து மடங்கு.

தோரியத்தை வேதிமுறையில் பிரித்தெடுத்ததும் இந்த ஒழுங்கு குலைகிறது. ரேடியம் கழிவோடு போய்விடும். தோரியம்-228-ம் தோரியமே என்பதால் அது கூடவே வரும். ஆகவே புதிதாகப் பிரித்த தோரியத்தின் கதிரியக்கம் முதல் சில ஆண்டுகளில் குறைந்து, அடிமட்டம் தொட்டு, ரேடியம்-228 மறுபடி சேரச் சேர ஏறும். பழைய அளவை எட்டச் சில பத்தாண்டுகள் பிடிக்கும். அலமாரியில் கிடந்த தோரிய உப்புப் புட்டி வாங்கியபோது காட்டியதைவிட இன்று அதிகம் காட்டினால், அளவி பொய் சொல்லவில்லை.

அரை ஆயுள் நீண்டதென்றால் ஆபத்தும் நீண்டது என்று செய்திகளில் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் நேர் எதிர். ஒரு கிராம் ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதில் நொடிக்கு 3,700 கோடி சிதைவுகள். தோரியத்தில் 4,060. எவ்வளவு நாள் காவல் காக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

சூடாக்கினால் சிதைவு வேகமாகாது, அமிலத்தில் கரைத்தால் நிற்காது; வேதிவினை எலக்ட்ரான்களோடு முடிந்துவிடுகிறது, கருவைத் தொடுவதில்லை. விதிவிலக்கு தேடினால் விசித்திரமான ஒன்று கிடைக்கும். ரேனியம்-187-க்கு அரை ஆயுள் 4,000 கோடி ஆண்டுக்கு மேல். அதன் 75 எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1996-இல் அளந்தபோது அது 33 ஆண்டாகச் சுருங்கியது. உரித்த அணுவில் எலக்ட்ரான் வந்து அமர இடம் காலியாக இருப்பதால் பீட்டா சிதைவுக்குப் புதுவழி திறக்கிறது. அடுப்பிலோ உலையிலோ இப்படி நேராது.

தோரியத்தின் இந்த மந்தகதி புவியியலர்களுக்குக் கடிகாரமாகப் பயன்படுகிறது. மோனசைட் மணி படிகமாகும்போது தோரியத்தை நிறைய எடுத்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. எனவே அதில் இன்று காணும் ஈயம்-208 பெரும்பாலும் உள்ளேயே பிறந்தது. 100 தோரியம் அணுக்களுக்கு 2.75 ஈயம்-208 அணுக்கள் என்று அளவு வந்தால், மணியின் வயது 55 கோடி ஆண்டு. தென்கேரளம், குமரிப் பகுதிப் பாறைகளின் மோனசைட்டில் பெரிதும் கிடைப்பது 50 முதல் 60 கோடி ஆண்டுக்கு இடைப்பட்ட வயதுகள். பாறை மீண்டும் கடுமையாகச் சூடேறியிருந்தால் ஈயம் கசிந்து வயது இளமையாகத் தெரியும். அதனால் ஒரு மணியின் நடுப்பகுதியையும் விளிம்பையும் தனித்தனியே அளக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், மணிக்குப் பிறந்த தேதி ஒன்று, மறுபடி வெந்த தேதி இன்னொன்று.